கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நாய் கடித்தால், பூனை கீறினால் என்ன செய்வது

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வேலைக்கும் படிப்புக்கும் கொழும்புக்கு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆள் குறைவில்லை. எந்த லேனில் வாடகை மலிவு, எந்தக் கடையில் இரவுச் சாப்பாடு நல்லது, எந்த பஸ்ஸில் ஏறக்கூடாது எல்லாம் சொல்வார்கள். நாய் கடித்தால் எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை. ஊரில் என்றால் சொல்லத் தேவையும் இல்லை. காலில் ஒரு கீறலோடு வீட்டுக்குள் வந்தாலே அம்மா கண்டுபிடித்துவிடுவார். அடுத்த அரை மணித்தியாலத்தில் யாராவது மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். இங்கே அறையில் தனியாக இருக்கிறவரை "இப்பவே எழும்பிப் போ" என்று அதட்ட ஒருவரும் இல்லை. சின்னக் காயம்தானே, நாளைக்குப் பார்ப்போம், சனிக்கிழமை லீவில் பார்ப்போம் என்று நாள் போகிறது. விசர்நாய்க்கடி நோயில் ஆபத்தே அந்தத் தள்ளிப்போடுதலில்தான் இருக்கிறது.

அதனால் இந்தக் கட்டுரையைக் கடிபடுவதற்கு முன்பே வாசித்து வையுங்கள். கடிபட்டு வந்துதான் வாசிக்கிறீர்கள் என்றால், நேராக "முதல் வேலை" என்ற பகுதிக்குப் போங்கள். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

நோய் எப்படி வேலை செய்கிறது

அரச சுவரொட்டிகளில் நீர்வெறுப்பு நோய் என்று இருக்கும். டொக்டர்மார் ரேபிஸ் என்பார்கள். கொழும்பு ஆஸ்பத்திரிகளில் "ஜலபீதிகா" என்று சிங்களத்தில் காதில் விழுந்தால் அதுவும் இதுதான்.

நோயுள்ள மிருகத்தின் எச்சிலில் இந்த வைரஸ் இருக்கிறது. கடி வழியாகவும், நகக் கீறல் வழியாகவும், ஏற்கெனவே உள்ள புண்ணையோ கண்ணையோ வாயையோ மிருகம் நக்குவதாலும் நமக்குள் வருகிறது. வந்த வைரஸ் நரம்பு நுனியைப் பிடித்து, நரம்பு வழியே மெல்ல மெல்ல முள்ளந்தண்டுக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஏறுகிறது. இதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்திலேயே மூளைக்குப் போனதும் உண்டு, ஒரு வருடத்துக்கு மேல் எடுத்ததும் உண்டு. முகம், கழுத்து, தலை, கைவிரல் போன்ற இடங்களில் கடித்தால் வழி குறுகியது, அல்லது நரம்புகள் அதிகம். அதனால் அவை அவசரமானவை.

மூளைக்குப் போய் அறிகுறி தொடங்கிவிட்டால் மருந்து கிடையாது. கடித்த இடத்தில் விறுவிறுப்பும் எரிவும், காய்ச்சல், பதற்றம், தண்ணீர் குடிக்கப் போனால் தொண்டை இறுகிப்போதல், காற்றாடியின் காற்றுப் பட்டாலே துடித்தல், பிறகு சில நாட்களில் மரணம். உலக அளவில் பிழைத்தவர்கள் மிக மிகச் சிலர். உலகத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இதனால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். மனிதருக்கு வருவதில் நூற்றுக்கு 99 நாய்களிடமிருந்து வருவது.

இவ்வளவு பயங்கரமான நோயில் நமக்குச் சாதகமான ஒரு விடயம் அதன் மெதுவான பயணம். வைரஸ் மூளைக்குப் போவதற்கு முன் உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிவிட்டால் நோய் வராது. கிருமி உள்ளே போன பிறகும் தடுப்பூசியால் நிறுத்தக்கூடிய நோய்கள் சிலவே. இது அவற்றில் ஒன்று. 1885 இல் லூயி பாஸ்டர் பாரிஸில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்த ஊசியைப் போட்டுக் காப்பாற்றினார். அவர் இறந்த செப்டம்பர் 28 ஆம் திகதியைத்தான் இன்று உலக ரேபிஸ் தினமாக வைத்திருக்கிறார்கள். இலங்கையிலும் கணக்கு அதையே சொல்கிறது. 1973 இல் இந்த நாட்டில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். நாய்களுக்கும் கடிபட்டவர்களுக்கும் ஊசி போடும் தேசிய வேலைத்திட்டம் வந்த பிறகு எண்ணிக்கை படிப்படியாக இறங்கி, அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 20, 30 என்ற அளவுக்கு வந்திருக்கிறது. இன்னும் இறக்கிறவர்களில் பலர் ஊசி கிடைக்காமல் இறக்கிறவர்கள் அல்ல. அது இலவசமாக இருந்தும் போகாமல் விட்டவர்கள், அல்லது பாதியில் நிறுத்தியவர்கள். எனக்கு இந்த நோயைப் பற்றித் தாங்கமுடியாத விடயம் அதுதான்.

கொழும்பில் எதற்குக் கவனம் வேண்டும்

வாயில் நுரை தள்ளியபடி ஓடிவரும் நாயைத்தான் நாம் எல்லோரும் மனதில் வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட நாய் கடித்தால் யாரும் சும்மா இருக்கமாட்டார்கள், ஓடிப்போய் ஊசி போடுவார்கள். பழகிய மிருகம்தான் ஆளை ஏமாற்றும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் ஒழுங்கைக்கு ஒழுங்கை நாய்கள் உண்டு. மரைன் டிரைவ் பக்கம் கடற்கரையிலும் தண்டவாளத்தருகிலும் படுத்துக் கிடக்கும். அவற்றில் பெரும்பாலானவை சாதுவானவை; அங்குள்ள வீட்டுக்காரர்கள் சோறு வைக்கிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். 2007 முதல் 2012 வரை ப்ளூ போ டிரஸ்ட் என்ற அமைப்பு கொழும்பு மாநகர சபையோடு சேர்ந்து தெருநாய்களுக்குக் கருத்தடையும் விசர் ஊசியும் போட்டு வந்தது. மாநகர சபையின் மிருக வைத்தியப் பிரிவும் சுகாதாரப் பகுதியினரும் இலவச ஊசி முகாம்கள் நடத்துகிறார்கள். காது நுனியில் வெட்டு அடையாளமோ கழுத்தில் பட்டியோ இருந்தால், யாரோ ஒரு காலத்தில் அந்த நாயைக் கவனித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இந்த வருட ஊசி போட்டாயிற்று என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஊசியின் பலம் நாய்க்கு ஆயுள் முழுக்க நிற்காது.

அடுத்தது குட்டிகள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மழையில் நனைந்து கடை வாசலில் முனகும் குட்டியைப் பார்த்தால் மனம் இளகும், தூக்கிக்கொண்டு அறைக்கு வருவோம். ஊசி போடாத தாய்க்குப் பிறந்த, ஊசி போடும் வயதே வராத குட்டி அது. அதன் சின்னப் பல்லும் கூரான நகமும் விரலில் ஒரு கோடு போட்டால் யாரும் அதைக் கடி என்று கணக்கெடுப்பதில்லை. பத்து நாளில் குட்டி செத்துப்போனால் "பாவம், பால் ஒத்துவரவில்லை" என்று புதைத்துவிடுவார்கள். அந்தக் குட்டி எதனால் செத்தது என்று யாருக்கும் தெரியாது. குட்டியைக் காப்பாற்றுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் கீறல் பட்டால் வளர்ந்த நாய் கடித்தது என்றே நினைத்து நடவுங்கள்.

பூனைகளும் அப்படியே. தொடர்மாடிகளில் படிக்கட்டில் குடியிருக்கும் பூனைகளுக்கு ஊசி போட்டவர் யாரும் இருக்கமாட்டார். கொழும்பின் பழைய வீடுகளில் சீலிங்குக்குள் மரநாய் குடும்பம் நடத்தும். இரவில் மேலே ஓடுகிற சத்தம் கேட்டுப் பயந்துவிடுவீர்கள். அதைப் பொறி வைத்துப் பிடிக்கப் போகாதீர்கள், வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லுங்கள். மரநாய், கீரி, நரி, குரங்கு, மாடு எல்லாவற்றுக்கும் இந்த நோய் வரலாம். பகலில் வெளியே வந்து மனிதரைக் கண்டும் ஓடாமல் நிற்கிற கீரியோ மரநாயோ நோயுள்ளதாக இருக்கலாம், கிட்டப் போக வேண்டாம். எலி கடித்தாலும் டொக்டரிடம் காட்டுங்கள். எலியால் நாம் இங்கே கவலைப்பட வேண்டிய எலிக்காய்ச்சல் ஒரு பக்டீரியா நோய், அது வேறு கதை.

நாய்க்கு விசர் பிடித்தால் இரண்டு விதமாகக் காட்டும். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த மூர்க்கம்: காரணமில்லாமல் கடிக்கும், கல்லையும் கட்டையையும் கடிக்கும், குரைக்கும் குரல் மாறிப்போகும், இருந்த இடத்தை விட்டு எங்கோ ஓடும். மற்றது மந்தமான விதம். இருட்டு மூலையில் போய்ப் படுக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று நினைத்து வாய்க்குள் கை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

கடிபடாமல் இருக்க

தூங்குகிற, சாப்பிடுகிற, குட்டி போட்ட நாய்க்குக் கிட்டப் போக வேண்டாம். இரண்டு நாய்கள் சண்டை பிடித்தால் கையால் பிரிக்க வேண்டாம். இரவு வேலை முடிந்து லேனுக்குள் நுழையும்போது நாய்கள் சூழ்ந்தால் ஓடாதீர்கள், ஓடினால் துரத்தும். நின்று, கைகளை உடம்போடு வைத்து, கண்ணை உற்றுப் பார்க்காமல், மெதுவாகப் பக்கவாட்டில் விலகுங்கள். சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ வந்து துரத்தினால் வேகம் கூட்டுவதை விட நிறுத்தி இறங்குவது நல்லது. பல நாய்கள் அத்தோடு விட்டுவிடும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு கொண்டு கழுத்தையும் காதையும் கையால் மூடுங்கள்.

புது இடத்துக்குக் குடிவந்த முதல் கிழமையிலேயே பக்கத்து வீட்டு அன்டியிடமோ கடைக்கார அண்ணாவிடமோ கேட்டுவையுங்கள்: இந்த லேன் நாய்கள் யாருடையவை, ஊசி போடுகிறார்களா, எது கடிக்கும்? அவர்களுக்கு எல்லாம் தெரியும், கேட்டால் சந்தோஷமாகவும் சொல்வார்கள்.

முதல் வேலை: கழுவுவது

கடிபட்டவுடன், கீறுபட்டவுடன், வேறு எதையும் செய்வதற்கு முன் காயத்தைக் கழுவுங்கள். ஓடும் தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம். போனில் டைமர் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மனக்கணக்கில் 15 நிமிடம் என்பது எல்லோருக்கும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

இந்த வைரஸுக்கு வெளியே கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சவர்க்காரம் அந்த உறையைக் கரைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது. ஓடும் தண்ணீர் மிச்சத்தை அடித்துக்கொண்டு போகிறது. நரம்பைப் பிடிக்கும் முன்பே காயத்தில் உள்ள வைரஸின் அளவு குறைந்துவிடும். ஆகவே வாசனைச் சவர்க்காரம்தான் வேண்டும் என்றில்லை, உடுப்புத் தோய்க்கிற சன்லைட் கட்டியும் சரி. குளியலறையில் காலை நீட்டி உட்கார்ந்து பைப்பைத் திறந்துவிடுங்கள். சவர்க்காரத்தை நுரைத்து, காயத்தின் வாயைக் கொஞ்சம் விரித்து, உள்ளே நுரை போகும்படி தேயுங்கள், கழுவவிடுங்கள், மறுபடி நுரையுங்கள். இப்படியே நேரம் முடியும்வரை. எரியும், இரத்தமும் வரும், பரவாயில்லை. பிரஷ் போட்டு உரஞ்சவோ, காயத்தைப் பிதுக்கவோ, வாயால் உறிஞ்சவோ வேண்டாம். ஒரே இடத்தில் மட்டும் பார்க்காதீர்கள். கால்சட்டைக்கு மேலால் கடித்திருந்தாலும் துணியை விலக்கித் தோலைப் பாருங்கள், பல் பட்ட மற்றப் புள்ளிகள் பின்பக்கத்தில் இருக்கும்.

புறக்கோட்டைத் தெருவில் நிற்கும்போது கடித்தது, பைப் எங்கே என்கிறீர்களா? சாப்பாட்டுக் கடை ஒவ்வொன்றிலும் கை கழுவுகிற இடம் இருக்கிறது. உள்ளே போய்ச் சொல்லிவிட்டுக் கழுவுங்கள், யாரும் மறுக்கமாட்டார்கள்.

கழுவி முடித்த பிறகு பொவிடோன் அயடினோ ஸ்பிரிட்டோ இருந்தால் போடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மண்ணெண்ணெய், மிளகாய், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். போன் எடுத்து ஊருக்குச் சொன்னால் அப்பம்மா அன்போடு இதில் ஒன்றைச் சொல்லத்தான் செய்வார். "சரி அப்பம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். தையல் போடுவதா இல்லையா என்பதை டொக்டர் தீர்மானிக்கட்டும்; அவசரப்பட்டுத் தைத்தால் வைரஸ் உள்ளே தள்ளப்படலாம்.

புறப்படும் முன் ஒரு நிமிடம், யாருடைய நாய் என்று கேளுங்கள். சொந்தக்காரர் இருந்தால் அவருடைய போன் இலக்கத்தையும், ஊசி அட்டை இருந்தால் அதன் படத்தையும் எடுங்கள். அட்டையில் கடைசி ஊசித் திகதி என்ன, மொத்தம் எத்தனை ஊசி என்று தெரிய வேண்டும். "எங்கட நாய்க்கு ஊசி எல்லாம் போட்டது" என்ற வாய்ச்சொல் போதாது. நாயை அடிக்கவோ கொல்லவோ விட வேண்டாம். அது உயிரோடு கண்ணுக்கு முன் இருப்பதுதான் உங்களுக்குப் பயன்.

இரண்டாவது வேலை: அன்றைக்கே போவது

அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். பெரியவர்கள் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போகலாம். பிள்ளைகளுக்கு பொரளையில் உள்ள லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் களுபோவில கிட்ட. வத்தளைப் பக்கம் என்றால் ராகம. இப்படிப் பெரிய வைத்தியசாலைகளின் பெயரைச் சொல்வதற்குக் காரணம், ஆழமான காயத்துக்குத் தேவைப்படும் இம்யூனோகுளோபுலின் மருந்து எல்லாச் சிறிய இடங்களிலும் இருக்காது என்பதுதான். காயம் பெரிது, இரத்தம் நிற்கவில்லை, முகத்தில் கடித்தது என்றால் 1990 க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வாசலில் உள்ளவரிடம் நாய்க்கடி ஊசி எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். சிங்களம் ஓடாதவர்களுக்கு இரண்டே சொல் போதும்: "பல்லா ஹெப்புவா", நாய் கடித்தது. மற்றதை அவர்களே கேட்டு வழிகாட்டிவிடுவார்கள். தமிழ் தெரிந்த டொக்டரோ தாதியோ இருப்பதும் உண்டு, கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

உள்ளே கேட்கப்படும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருங்கள். என்ன மிருகம், எப்போது, எங்கே கடித்தது, சீண்டியதா அல்லது சும்மா வந்து கடித்ததா, நாயின் சொந்தக்காரர் யார், அதற்கு ஊசி போட்டதா, இப்போது எங்கே இருக்கிறது, உங்களுக்கு முன்பு எப்போதாவது இந்த ஊசி போட்டதா. ஒவ்வாமை, ஆஸ்துமா, வேறு நோய், குடிக்கிற மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த ஊசி போடலாம். அந்தப் பயத்தில் போகாமல் விடுவதுதான் ஆபத்து.

டொக்டர் காயத்தைப் பார்த்துத் தரம் பிரிப்பார். காயமில்லாத தோலில் நக்கினது மட்டும் என்றால் கழுவினால் போதும். இரத்தம் வராத சின்னக் கீறல் என்றால் தடுப்பூசி மட்டும். வார்டுகளில் அதை ஏ.ஆர்.வி என்பார்கள். தோலைத் துளைத்த கடி, தலை, முகம், கழுத்து, விரல் நுனிக் கடிகள் என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். ஊசி போட்ட பிறகு உடம்பு சொந்தமாக எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். அந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான் ஆயத்தமான எதிர்ப்புச் சக்தியான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் நேரடியாகப் போடுகிறார்கள். குதிரை இரத்தத்திலிருந்து எடுத்த வகை என்றால் முதலில் தோலில் ஒரு சின்னப் பரிசோதனை செய்வார்கள், அதற்குப் பிறகு அங்கேயே காத்திருக்கச் சொல்வார்கள். இரவு தங்கவும் வேண்டி வரலாம். காயத்துக்குள் போடுவது நோகும், மறைக்க மாட்டேன். ஆனால் நோகிற நேரம் கொஞ்சம்தான்.

தடுப்பூசி அப்படி இல்லை. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற கதை பழைய காலத்தோடு முடிந்துவிட்டது. இப்போது இரு புஜங்களிலும் தோலுக்குள் மிகச் சிறிய அளவில் போடுகிறார்கள். நுளம்பு கடித்ததுபோல ஒரு சின்னத் தடிப்பு எழும்பி, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். கை லேசாகக் கடுக்கலாம், இலேசான காய்ச்சல் வரலாம். வழக்கம்போல் குளிக்கலாம், சாப்பிடலாம், வேலைக்குப் போகலாம்.

கடித்துப் பல நாள் ஆகிவிட்டது, இனிப் போய் என்ன என்று நினைக்கிறவர்களுக்கு: போங்கள். ஒரு மாதம் கழிந்திருந்தாலும் போங்கள். அறிகுறி தொடங்காதவரை ஊசிக்குப் பயன் உண்டு.

ஊசியை முடிப்பது

முதல் ஊசிக்கு எல்லோரும் போகிறார்கள். இரண்டாவதுக்கும் போகிறார்கள். காயம் ஆறிய பிறகுதான் விடுபடுகிறது. அட்டையில் திகதிகள் எழுதித் தருவார்கள். பொதுவாக முதல் நாள், 3 ஆம் நாள், 7 ஆம் நாள், பிறகு ஏறக்குறைய ஒரு மாதத்தில் கடைசி ஊசி. உங்களுக்கு டொக்டர் வேறு ஒழுங்கில் எழுதியிருந்தால் அதன்படியே போங்கள். அந்தத் திகதிகளை அன்றைக்கே போனில் அலாரமாகப் போட்டுவையுங்கள்.

லீவுப் பிரச்சினை எனக்கும் தெரியும். கடையில் நாட்கூலிக்கு நிற்கிறவருக்குக் காலை நேரம் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். திகதிகளை முதல் நாளே முதலாளியிடம் காட்டிச் சொல்லிவிடுங்கள், மருத்துவச் சான்றிதழ் தேவையென்றால் டொக்டரிடம் கேளுங்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகிற நாளில் ஊசித் திகதி வந்தாலும் கவலை இல்லை. அட்டையைக் கொண்டு போனால் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, நுவரெலியா என்று எந்தப் பெரிய அரச வைத்தியசாலையிலும் மிச்ச ஊசியைப் போடலாம். ஒரு திகதி தவறிவிட்டால் அடுத்த நாளே போய்ச் சொல்லுங்கள். தவறிவிட்டது, இனி ஏசுவார்கள் என்று போகாமலே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏசினாலும் கேட்டுக்கொண்டு ஊசியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

நாயைக் கவனிப்பது

ஒழுங்காக ஊசி போட்ட, கட்டி வளர்க்கிற, நல்ல சுகமான வீட்டு நாய் கடித்தால், டொக்டர் ஊசியை நிறுத்தி வைத்து 14 நாள் நாயைக் கவனிக்கச் சொல்லலாம். அதை டொக்டர்தான் சொல்ல வேண்டும், நாயின் சொந்தக்காரர் இல்லை. எச்சிலில் வைரஸ் வெளிவரத் தொடங்கினால் அந்த மிருகம் பெரும்பாலும் பத்து நாளுக்குள் நோயைக் காட்டிச் செத்துவிடும். 14 நாள் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று முடிவு செய்யலாம். இடையில் நாய் காணாமல் போனாலோ, சாப்பிடாமல் சுருண்டாலோ, செத்தாலோ அந்த நேரமே திரும்பிப் போங்கள்.

நாய் செத்துவிட்டால் அதன் தலையைப் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பரிசோதிக்கலாம். நீங்களாக வெட்டப் போகாதீர்கள். மாநகர சபை மிருக வைத்தியரிடமோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ (பி.எச்.ஐ) சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை வெறும் கையால் தொடாமல், இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி ஐஸில் வைத்தால் போதும். முடிவு வரும்வரை உங்கள் ஊசியை நிறுத்தி வைக்கக் கூடாது.

பிள்ளைகளோடு வந்திருக்கிறவர்களுக்கு

உலகத்தில் கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். உயரம் குறைவு என்பதால் கடி முகத்தில் விழுகிறது, ஆகவே நேரமும் குறைவு. பிள்ளைகள் இதை மறைப்பதும் அதிகம். "நாயோடு விளையாடாதே என்று சொன்னேனா இல்லையா" என்ற ஏச்சுக்குப் பயந்து, கீறலை நீளக் கைச்சட்டைக்குள் ஒளித்துவிடுவார்கள். அதனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நாய், பூனை எது கடித்தாலும் கீறினாலும் உடனே வந்து சொல்ல வேண்டும், ஏசமாட்டோம், அடிக்கமாட்டோம். அப்படிச் சொன்ன பிறகு உண்மையிலேயே ஏசாதீர்கள். இரவு குளிக்க வார்க்கும்போது கை கால்களை ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

வளர்க்கிறீர்கள் என்றால்

நாய், பூனை வளர்ப்பவர் ஊசி போட்டே ஆக வேண்டும். நாய்க்குட்டிக்கு ஆறு வாரத்தில் முதல் ஊசி, மூன்று மாதத்தில் மறுபடியும், பிறகு ஒவ்வொரு வருடமும். பூனைக்கும் மிருக வைத்தியர் சொல்லும் அட்டவணைப்படி. நாயை உள்ளூராட்சி சபையில் பதிவது 1901 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். விசர்நோய்ச் சட்டம் அதற்கும் முன்பு 1893 இல் வந்தது. அட்டையை வீட்டு ஆவணங்களோடு வையுங்கள்.

மிருகங்களோடு வேலை செய்கிறவர்கள், தெருநாய்களுக்குச் சோறு வைக்கிற, மீட்கிற தன்னார்வலர்கள், மிருக வைத்தியம் படிக்கிற மாணவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். அவர்களைக் கடித்தாலும் கழுவவும் வைத்தியசாலைக்குப் போகவும் வேண்டும். ஆனால் தேவைப்படும் ஊசிகள் குறைவு, இம்யூனோகுளோபுலினும் வேண்டியதில்லை. முன்பு ஒருதரம் கடிபட்டு முழு ஊசியும் போட்டு முடித்தவர்களுக்கும் இதே கதைதான். ஆனால் டொக்டர் நம்புவதற்குச் சான்று வேண்டும். ஆகவே கடைசி ஊசி போட்ட அன்று அட்டையைத் தூக்கி எறியாமல் இரண்டு பக்கமும் படம் எடுத்து போனில் ஒன்று வையுங்கள், அம்மாவின் வட்ஸ்அப்புக்கு ஒன்று அனுப்புங்கள்.